சாவியில் கை வைக்காதே

ராஜப்பனுக்குப் பத்தரை மணிக்குத் தருமபுரியில் ஒரு கல்லூரியில் பேச்சு. போலீஸ் நிறுத்தினால் பைக்கில் போகிறவர்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பது தலைப்பு. சாலைப் பாதுகாப்பு வாரம் வந்துவிட்டால் யாராவது ஒருவரைப் பிடித்து இழுத்துவந்து மைக்கைக் கையில் கொடுத்தாக வேண்டும். இந்த வருஷம் அகப்பட்டவர், இரண்டு வருஷத்துக்கு முன்னால் போலீஸில் எஸ்.எஸ்.ஐ.யாக ரிட்டையர் ஆகி, இண்டூரில் வீட்டோடு உட்கார்ந்து ஒரே பேப்பரை மூன்று தடவை படித்துக்கொண்டிருந்த ராஜப்பன்.

மனுஷனுக்கு உள்ளூரக் கொண்டாட்டம்தான். வெளியே மட்டும் பிகு பண்ணிக்கொண்டார். மனைவி செல்லம்மாள் இஸ்திரி போட்டு வைத்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, நாலு பக்கம் எழுதி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பைக்கில் கிளம்பினார். முதல் பக்கத்தில் ஹெல்மெட். இரண்டாம் பக்கத்தில் கை காட்டினால் ஓரங்கட்டு, எஞ்சினை அணை, ஸ்டாண்டு போடு, கேட்டதைக் காட்டு, குரலை உயர்த்தாதே, நான் யார் தெரியுமா என்று மட்டும் கேட்கவே கேட்காதே. மூன்றாம் பக்கம் முழுக்கப் பச்சியப்பன். நிற்காமல் போன ஒரு பைக்கால் கூட வேலை பார்த்த பச்சியப்பன் என்ற நல்ல மனுஷன் எப்படிச் செத்தார் என்பதைக் கோர்ட்டில் சொன்ன மாதிரியே எழுதியிருந்தார். மற்றப் பக்கங்களை எல்லாம் செல்லம்மாளிடம் வாய்விட்டுப் படித்துக் காட்டினார். மூன்றாம் பக்கத்தை மட்டும் படிக்கவில்லை.

ஊரைத் தாண்டியதும் தை மாதக் குளிர் முகத்தில் அடித்தது. இந்த ரோட்டில் வண்டிச் சோதனைக்கு அவர் நின்ற வருஷங்கள் கொஞ்சநஞ்சமல்ல. அதில் பதினொரு வருஷம் பச்சியப்பன் அண்ணனோடு ஒரே புளியமரத்தின் கீழ் நின்றார். அந்த மரத்துக்கு அவர்கள் ஆபீஸ் என்று பெயர் வைத்திருந்தார்கள். செல்லம்மாள் கூட, "ஆபீஸுக்குக் கெளம்பலீங்களா?" என்றுதான் கேட்பாள்.

சும்மா சொல்லக்கூடாது, அது ஒரு பொற்காலம். காலையில் போனதும் பச்சியப்பன் தன் டிபன் பாக்ஸை மரக்கிளையில் மாட்டுவார். அதற்குள் களி உருண்டையும் கீரைக் கடைசலும் இருக்கும். மதியம் அதில் பாதி ராஜப்பனுக்கு. எதிர்த்தோட்டத்துக் கிணற்றிலிருந்து ஒரு குடம் தண்ணீர் எடுத்துவந்து மரத்தடிப் பானையில் ஊற்றுவார். அது அவர்கள் இருவருக்கும் மட்டுமல்ல, நிறுத்தப்படுகிறவர்களுக்கும் சேர்த்து.

அதுதான் பச்சியப்பனின் வழி. வண்டி நின்றதும், "வணக்கமுங்க, எங்க போயிட்டு வர்றீங்க? மொதல்ல ஒரு சொம்பு தண்ணி குடிங்க," என்பார். குடித்து முடிப்பதற்குள் ஆளின் படபடப்பு அடங்கிவிடும். தானாகவே ஆர்.சி.யை எடுத்து நீட்டுவான். லைசென்ஸ் இல்லாதவன் கூட, "இல்லீங்க ஐயா," என்று தலையைச் சொறிவான். ஒருவனும் அவரிடம் சண்டை பிடித்ததில்லை.

ராஜப்பனின் வழி வேறு. வண்டி வேகம் குறைந்த கையோடு ஓடிப்போய்ச் சாவியைப் பிடுங்கிவிடுவார். சாவி கைக்கு வந்துவிட்டால் ஆள் எங்கேயும் ஓட முடியாது என்பது அவர் கணக்கு. அதில் அவர் கை அத்தனை வேகம். மற்றப் போலீஸ்காரர்கள் கூட, "ராஜப்பன் கை பட்டா சாவி தானா வந்துரும்யா," என்று சிரிப்பார்கள். அவருக்கும் அதில் பெருமைதான். பச்சியப்பன் மட்டும் சிரிக்க மாட்டார்.

"சாவியில கை வெக்காத ராஜப்பா," என்பார். "அவன் நிக்கத்தான் வர்றான். நீ புடுங்குனா அவனுக்கு மானமும் போவுது, புத்தியும் போவுது."

"வுட்டா பறந்துருவானுங்கண்ணா."

"பறந்தா பறக்கட்டும். நம்பர எழுதிக்கோ. வூட்டுக்குத்தான போவான்?"

வருகிறவர்களில்தான் எத்தனை ரகம். தூரத்திலேயே தொப்பியைப் பார்த்துவிட்டு வண்டியைத் திருப்புகிறவர்கள் ஒரு ரகம். இறங்கி, வண்டி ரிப்பேர் என்ற முகத்தோடு தள்ளிக்கொண்டே கடந்து போகிறவர்கள் இன்னொரு ரகம். ஒருவர் ஒரே மாதத்தில் மூன்று தடவை மாமனாரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார். நான்காவது தடவை பச்சியப்பன், "மாமனாரு ஒடம்பு இப்ப எப்படிங்க இருக்குது?" என்று அவராகவே விசாரித்தார். அந்த ஆள் வெட்கப்பட்டுப் போய் மறுவாரமே லைசென்ஸ் எடுத்துக்கொண்டுவந்து காட்டினார். இதையெல்லாம் நினைத்தபோது ராஜப்பனுக்கு ஹெல்மெட்டுக்குள்ளேயே சிரிப்பு வந்தது. அண்ணன் இருந்திருந்தால் இன்றைக்குப் பேசப் போயிருக்க வேண்டியவர் அவர்தான்.

அந்த நினைப்பிலேயே வளைவு திரும்பினார். முன்னால் தடுப்புக்கட்டை வைத்து வண்டிச் சோதனை நடந்துகொண்டிருந்தது. ஒரு பெண் எஸ்.ஐ. நடுவில் நின்று அவரைப் பார்த்துக் கை காட்டினார்.

ராஜப்பன் என்ன செய்தார் தெரியுமா? வலது கையைத் தூக்கி ஒரு சல்யூட் வைத்துவிட்டுப் பேசாமல் போய்க்கொண்டே இருந்தார். வேண்டுமென்று செய்யவில்லை. எந்தச் சோதனையிலும் அவர் நின்றதே கிடையாது. கை தூக்கினால் இவரும் தூக்குவார், அவர்கள் சிரிப்பார்கள், வழி விடுவார்கள். ரிட்டையர் ஆன சங்கதி அவருடைய கைக்கு இன்னும் எட்டவில்லை.

பின்னால் விசில் கேட்டது.

அந்த விசிலில்தான் அவருக்கு உறைத்தது. தான் இப்போது வெள்ளைச் சட்டை போட்ட ஒரு கிழவன். அந்தப் பெண்ணுக்குத் தன்னைத் தெரியாது. டீக்கடைப் பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அவமானத்தில் முகம் சுட்டது. அடுத்த நொடி அவருடைய வலது கை ஆக்சிலேட்டரை முறுக்கியது. அவர் சொல்லாமல், அவரைக் கேட்காமல் முறுக்கியது. வண்டி துள்ளிப் பத்தடி ஓடியது. பிறகுதான் பிரேக்கை மிதித்தார்.

எஞ்சினை அணைத்து, ஸ்டாண்டு போட்டு, கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றார். எஸ்.ஐ. நடந்து வந்தார். நெஞ்சில் யுவராணி என்ற பெயர்ப்பட்டை இருந்தது. முப்பது வயது இருக்கலாம். வண்டியை விட்டு ஓர் எட்டு தள்ளி, இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். சாவி வண்டியிலேயே தொங்கியது. அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"கை காட்டுனேனுங்கய்யா. சல்யூட் வெச்சிட்டுப் போறீங்க."

"கவனிக்கலம்மா."

"விசில் அடிச்சதும் வேகமா வேற போனீங்க."

ராஜப்பன் ஹெல்மெட்டைக் கழற்றினார்.

"டிபார்ட்மெண்ட்டுங்களா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வாய் வரைக்கும் வந்தது. சட்டைப் பையில் இரண்டாம் பக்கம் உறுத்தியது.

"இல்லம்மா. இப்ப இல்ல."

யுவராணி அவரை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்துவிட்டு லைசென்ஸ் கேட்டார். ராஜப்பன் பர்ஸின் உள்ளறையில் விரலை விட்டுத் துழாவி எடுத்துக் கொடுத்தார். அதை அவர் கடைசியாக எடுத்துப் பார்த்தது எப்போது என்று அவருக்கே தெரியாது. பல்லாயிரம் பேருடைய லைசென்ஸை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தவரிடம் அவருடையதை யாரும் கேட்டதில்லை. அவரும் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை.

"இது முடிஞ்சு பதினோரு வருசம் ஆவுதுங்கய்யா," என்றார் யுவராணி.

ராஜப்பன் வாங்கிப் பார்த்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். 2014 மார்ச்சோடு முடிந்திருந்தது. அவருக்கு ஐம்பது முடிந்த மாதம். பச்சியப்பன் செத்தது அதே வருஷம் ஆடியில்.

பைக் சீட்டைப் பிடித்துக்கொண்டார்.

அன்றைக்கு ஆடிப்பெருக்குக்கு முதல் நாள். ஒகேனக்கல் போகிற வண்டிகளால் ரோடு கொள்ளவில்லை. தர்மன் என்ற பத்தொன்பது வயதுப் பையன் மாமன் மகனுடைய பைக்கை எடுத்துக்கொண்டு வந்தான். லைசென்ஸ் கிடையாது. கை காட்டியும் நிற்காமல் வேகமாக வந்து, சொம்போடு நின்ற பச்சியப்பன் மேல் மோதினான். மைல்கல்லில் தலை அடித்து அவர் மறுநாள் காலை ஆஸ்பத்திரியில் உயிரை விட்டார். கோர்ட்டில் ராஜப்பன் சொன்னது இதுதான். மூன்றாம் பக்கத்தில் எழுதியிருந்ததும் இதுதான்.

சொல்லாமல் விட்டது ஒன்று இருந்தது. அந்தப் பையன் வேகத்தைக் குறைத்தான். இடது காலைத் தரையில் ஊன்றக்கூட ஊன்றினான். அப்போது ராஜப்பன் பாய்ந்துபோய்ச் சாவிக்குக் கையை நீட்டினார். பையன் மிரண்டு ஆக்சிலேட்டரை முறுக்கினான். வண்டி வலது பக்கம் துள்ளியது. எத்தனை அடி என்று ராஜப்பனுக்குத் தெரியும், அவர்தான் மறுநாள் டேப் பிடித்து அளந்தார். பத்தடிகூட இல்லை.

பதினொரு வருஷமாக அவர் அந்தப் பத்தடியை அவன் மேலேயே போட்டுவைத்திருந்தார். லைசென்ஸ் இல்லாத பயல், திமிர் பிடித்த பயல், அதனால்தான் ஓடினான் என்று சொல்லிச் சொல்லி அவரே அதை நம்பியும் விட்டார். தர்மன் ஒரு வருஷம் ஜெயிலில் இருந்துவிட்டு வந்து மூன்று தடவை இவர் வீட்டு வாசலில் நின்றான். பச்சியப்பனின் சம்சாரம் தீர்த்தம்மாளே அவனை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்துக் காபி கொடுத்துவிட்டாள். ராஜப்பன் கேட்டைத் திறக்கவில்லை. அப்புறம் அவன் வருவதை நிறுத்திவிட்டு, ஒவ்வொரு ஆடியிலும் ஒரு தடவை போன் மட்டும் பண்ணுவான். அதையும் அவர் எடுப்பதில்லை. தப்பித்தவறி எடுத்துவிடக் கூடாது என்று அந்த நம்பருக்கு 'எடுக்காதே' என்று பெயர் போட்டு வைத்திருந்தார்.

"சலான் போட்டாச்சுங்கய்யா," என்றார் யுவராணி. "வண்டிய நீங்க ஓட்டக்கூடாது. லைசென்ஸ் இருக்கறவங்க யாராச்சும் வந்தா எடுத்துட்டுப் போவலாம். அப்படி நெழல்ல உக்காந்து கூப்பிட்டுப் பாருங்க."

வண்டியை டீக்கடையில் விட்டுவிட்டு பஸ் ஏறியிருக்கலாம். அந்த வழி அவருக்குத் தெரியாமலில்லை. பஸ்ஸும் ஒன்று வந்து நின்று போயிற்று. அவர் பெஞ்சில் உட்கார்ந்து போனில் பெயர்களைத் தள்ளிக்கொண்டே போனார். மகன் மாதவராஜ் பெங்களூரில் இருந்தான். கூட வேலை பார்த்தவர்களில் பாதிப் பேர் இல்லை. பச்சியப்பன் அண்ணனின் நம்பர் இன்னும் இருந்தது. அதை அழிக்க அவருக்கு மனசு வந்ததில்லை. விரல் அதன் மேல் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு மேலே தள்ளி, 'எடுக்காதே' என்பதை அழுத்தினார்.

முதல் மணியிலேயே எடுத்துவிட்டான்.

"சார்?"

ராஜப்பன் போனை மறு காதுக்கு மாற்றினார்.

"சார், தர்மன்தானுங்க பேசறன். நீங்கதானுங்களா?"

"லைசென்ஸ் வெச்சிருக்கறயா?" என்றார் ராஜப்பன். பதினொரு வருஷத்துக்கு அப்புறம் பேசிய முதல் பேச்சு அதுதான். வேறு எப்படி ஆரம்பிப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

தர்மன் தக்காளி மண்டிக்கு லோடு ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தான். காலை லோடு இறக்கிவிட்டு வந்தவன், இருபது நிமிஷத்தில் ஆட்டோவை டீக்கடை ஓரம் போட்டுவிட்டு இறங்கினான். கையில் ஒரு ஹெல்மெட் இருந்தது.

"பைக்குன்னு சொன்னீங்களே, அதான் வூட்டுக்குப் போயி எடுத்துக்கிட்டு வந்தனுங்க," என்றான்.

நெற்றியில் முடி ஏறியிருந்தது. முப்பது வயசுக்கு அது அதிகம். அவன் ராஜப்பனை நேருக்கு நேர் பார்க்கவில்லை. நேராக யுவராணியிடம் போய், கேட்பதற்கு முன்பே லைசென்ஸை எடுத்து நீட்டினான். அதை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, கழுத்தில் கயிறு கட்டிச் சட்டைக்குள் தொங்கவிட்டிருந்தான். குளிக்கும்போதுதான் கழற்றுவான் போலிருக்கிறது.

யுவராணி பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "கூட்டிட்டுப் போங்க. இவரு யாரு உங்களுக்கு?"

தர்மன் லைசென்ஸைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டான்.

"தெரிஞ்ச பையன்," என்றார் ராஜப்பன்.

பின்னால் ஏறி உட்கார்ந்தார். தர்மன் நிதானமாக ஓட்டினான். ஒரு கிலோமீட்டர் போனால் ஆபீஸ் வரும். அந்த இடம் வரும்போதெல்லாம் ராஜப்பன் எதிர்ப்பக்கத்துக் கேழ்வரகுக் காட்டைப் பார்த்துக்கொண்டே தாண்டிவிடுவார். இன்றைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்ததால் பார்ப்பதைத் தவிர வேறு வேலையில்லை. மரம் அப்படியே இருந்தது. டிபன் பாக்ஸ் மாட்டுகிற கிளை இருந்தது. பானை இருந்த இடத்தில் கரும்புச் சக்கை கிடந்தது. பச்சியப்பன் அண்ணன் சொம்பை நீட்டிக்கொண்டு நிற்பது போலவே இருந்தது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"நிறுத்து," என்றார்.

தர்மன் ஓரங்கட்டி நிறுத்தினான். எஞ்சினை அணைத்தான். ஸ்டாண்டு போட்டான். ராஜப்பன் இறங்கி மைல்கல்லின் பக்கத்தில் போய் நின்றார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. தருமபுரி போகிற பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு கடந்தது.

"நீ அன்னிக்கி நிக்கத்தான்டா வந்த," என்றார்.

தர்மன் வண்டிக்குப் பக்கத்திலேயே நின்றான்.

"நான்தான் சாவியப் புடுங்க வந்தன். அண்ணன் வேணாம் வேணாம்னு சொல்லிட்டே இருந்த வேலை அது. எங்கையி வந்ததப் பாத்துத்தான் நீ முறுக்கிட்ட. இத நான் எங்கயும் சொல்லல."

"தெரியுமுங்க சார்."

ராஜப்பன் திரும்பினார். "தெரியுமா?"

"என் கண்ணு முன்னாடிதானுங்க உங்க கையி வந்துச்சு."

"அப்புறம் கோர்ட்ல ஏன்டா சொல்லல?"

தர்மன் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அதையே திருப்பினான்.

"வக்கீலு சொல்லச் சொன்னாருங்க. நான் உங்களப் பாத்தன். கூண்டுல நின்னுக்கிட்டு அழுதுட்டு இருந்தீங்க. பச்சியப்பன் ஐயாவுக்காக அந்தக் கோர்ட்டுல அழுதது நீங்களும் அவங்க சம்சாரமுந்தான். அதுக்கு மேல உங்க தலையில எத்தப் போடறது? முறுக்குனது என் கையிதானுங்களே."

"அப்புறம் எதுக்கு எங்க வூட்டு வாசலுக்கு வந்த?"

"உங்களுக்கும் தூக்கம் வராதுன்னு நெனச்சனுங்க. எனக்கு வர்றதில்ல."

ராஜப்பன் மைல்கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டார். வெள்ளைச் சட்டை அழுக்காகும் என்ற நினைப்பே இல்லை. எத்தனையோ பேரை இந்த இடத்தில் நிறுத்தி, தலை குனிய வைத்திருக்கிறார். இன்றைக்கு அவர் தலை குனிந்து அழுதார். தர்மன் வண்டியிலிருந்த தண்ணீர்ப் பாட்டிலை எடுத்துவந்து மூடியைத் திறந்து நீட்டினான்.

"குடிங்க சார். நேரமாவுது, காலேஜுல காத்துட்டு இருப்பாங்க."

குடித்தார். குடித்து முடித்ததும் நெஞ்சு கொஞ்சம் அடங்கியது. பையிலிருந்த தாள்களை எடுத்து, மூன்றாம் பக்கத்தை மட்டும் உருவி நாலாக மடித்துப் பேன்ட் பைக்குள் போட்டுக்கொண்டார். அந்தக் கதையை இனி எழுதி வைத்துக்கொண்டு சொல்ல வேண்டியதில்லை.

கல்லூரி வாசலுக்குப் போனபோது பத்து நாற்பது. பேராசிரியர் ஒருவர் கையைப் பிசைந்துகொண்டு வெளியிலேயே நின்றார். உள்ளே மைக்கில் யாரோ ஒன்று, இரண்டு, மூன்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். தர்மன் மரநிழலாகப் பார்த்து வண்டியை நிறுத்தி, சாவியைக் கழற்றி இரண்டு கையாலும் ராஜப்பனிடம் நீட்டினான்.

"நான் வெளிய டீக்கடைப் பக்கம் இருக்கறனுங்க சார்."

"வெளிய எதுக்கு? உள்ள வந்து மொத வரிசையில உக்காரு. நான் ஏதாச்சும் வுட்டுட்டன்னா எந்திரிச்சுச் சொல்லு."

"சாவிங்க?"

ராஜப்பன் அதைத் தொடவில்லை. இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டார்.

"உங்கிட்டயே இருக்கட்டும்," என்றார். "திரும்பிப் போறப்பவும் நீதான் ஓட்டணும். எங்கிட்டதான் லைசென்ஸ் இல்லியே."